அம்மாவின் சீதன வீட்டைத் திருத்த முன் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்கும் விளங்கும்படி முதலில் சுருக்கிவிடுகிறேன். நீங்கள் ரொறன்ரோவில், கனடாக் குடியுரிமையோடு இருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் சுன்னாகத்துக்குக் கிட்ட அம்மாவின் சீதன வளவில் நடு முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் கட்டிய பழைய நாற்சார் வீடு ஒன்று நிற்கிறது. அம்மாவும் அப்பாவும் காலமாகிவிட்டார்கள். அண்ணன் லண்டனில், ஒரு அக்கா பிரான்சில், மற்ற அக்கா ஊரிலேயே. பின்பக்கக் கூரை இறங்கிவிட்டது. வீட்டை இடிக்காமல் திருத்தி, குளியலறையும் கட்டி, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு வருடத்தில் சில மாதம் வந்து இருக்க ஆசை. பிரதேச சபையில் என்ன அனுமதி எடுக்க வேண்டும், அங்கிருந்தபடி வேலையை எப்படிச் செய்விப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

சபை அனுமதி இதில் லேசான பகுதி. நாலு பேரின் கையெழுத்துத்தான் பாரமான பகுதி. நீங்கள் கேட்காமல் விட்டதும் அதைத்தான்.

அம்மா மரணசாதனம் (உயில்) எழுதாமல் போயிருந்தால் அந்த வளவு இப்போது உங்கள் நாலு பேருக்கும் பிரிபடாத காணி. யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமையும், யாழ்ப்பாணத்தாரின் திருமண உரிமை, வழியுரிமை பற்றிய 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் சேர்ந்து தீர்மானிக்கும். சீதனம், முதுசம் (பெற்றோர் வழி வந்தது), தேடியதேட்டம் (கலியாணத்துக்குப் பிறகு தேடியது) என்று எந்த வகையில் அது அம்மாவிடம் வந்தது என்பதைப் பழைய காணி உறுதியே (பத்திரமே) சொல்லும். ஆகவே முதல் வேலை உறுதியைத் தேடுவது. இடம்பெயர்வில் தொலைந்துவிட்டது என்றால் பயப்படத் தேவையில்லை. நொத்தாரிசு (உறுதி எழுதும் சட்டத்தரணி) எழுதிய உறுதியின் இன்னொரு பிரதி காணிப் பதிவகத்துக்குப் போயிருக்கும். இலக்கமும் ஆண்டும் தெரிந்தால் உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம். தெரியாவிட்டால் காணியின் பெயரைக் கொண்டு பதிவேட்டில் தேடுவிக்க வேண்டும், அதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். உறுதி கையில் வந்ததும் எல்லோரும் பரப்பு, குளி என்ற நில அளவைத்தான் பார்ப்பார்கள். அதை விடக் கவனமாகக் கடைசி வரிகளைப் படியுங்கள். 'கிணற்றில் பங்கும் வழி வாய்க்காலும்' என்று ஒரு வரி இருந்தால், உங்கள் மதிலும் கேற்றும் எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது என்பது அந்த வரியில்தான் இருக்கிறது.

பிரிபடாத காணியில் ஒரு பங்காளி தன் காசைப் போட்டு வீட்டைத் திருத்தினால் வீடு அவருடையதாகிவிடாது. எனக்குத் தெரிந்த ஒரு வளவில் வெளிநாட்டில் இருந்த தம்பி ஒருவர் கூரை, குளியலறை, மதில் என்று எல்லாம் செய்து முடித்தார். திருத்தும்வரை யாரும் வாய் திறக்கவில்லை. வீடு வடிவாக வந்த பிறகுதான் பங்கு கேட்டு வழக்குப் போட்டார்கள். இது 1977ஆம் ஆண்டின் பிரிவிடல் சட்டத்தின் கீழ் வரும் வழக்கு. செலவழித்ததற்கு நட்டஈடு கேட்க இடம் இருக்கிறது, ஆனால் பற்றுச்சீட்டு வேண்டும், காலமும் போகும். அதுவரை வீட்டில் பூட்டுத்தான்.

ஆகவே அண்ணன், அக்காமாரோடு இப்போதே கதையுங்கள். மூன்று வழி இருக்கிறது. எல்லோரும் பங்கீட்டு உறுதி எழுதி வீடு நிற்கும் துண்டை உங்களுக்கு விடலாம். மற்றவர்கள் தங்கள் பங்கை உங்களுக்கு மாற்றித் தரலாம். இரண்டும் வேண்டாம், வீடு எல்லோருக்கும் பொதுவாகவே இருக்கட்டும் என்றால், யார் எவ்வளவு செலவழிக்கிறார்கள், யார் எப்போது தங்கலாம், பின்னால் விற்றால் செலவு எப்படிக் கழியும் என்று ஒரு உடன்படிக்கையை நொத்தாரிசு முன்னால் எழுதலாம். 'எங்களுக்குள்ள என்ன எழுத்து' என்று அக்கா கோபிக்கக்கூடும். கோபித்தாலும் எழுதுங்கள். உங்கள் தலைமுறைக்குள் சரிவரும் விஷயம், பிரான்சில் பிறந்த மருமக்களிடம் போகும்போது வாய்ப்பேச்சாக இருந்தால் சரிவராது.

இங்கே சில சட்டக் கண்ணிகள். தேசவழமைக்கு உட்பட்ட, கலியாணம் முடித்த பெண் தன் ஆதனத்தை விற்கவோ மாற்றவோ கணவரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். அத்தான்மாரின் கையெழுத்தையும் கணக்கில் வையுங்கள். யாராவது தன் பங்கை வெளியாருக்கு விற்க நினைத்தால், 1947ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி மற்றப் பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு, அது உங்களுக்குப் பாதுகாப்பு. அடுத்தது உங்கள் கடவுச்சீட்டு. வெளிநாட்டவருக்குக் காணி மாற்றுவதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. மரணசாதனம் இல்லாமல் தாயின் காணி பிள்ளைக்கு வருவதை அது தடுக்கவில்லை. இரட்டைக் குடியுரிமை உள்ளவரையும் தடுக்கவில்லை. ஆனால் கனடாக் குடியுரிமை மட்டும் உள்ள நீங்கள் அண்ணனின் பங்கை விலைக்கு வாங்கப் போனால் அங்கேதான் சட்டம் குறுக்கே நிற்கும். இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால், உறுதி எழுத முன் அதை முடியுங்கள்.

வளவில் இப்போது யாராவது இருக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. பல வளவுகளில் ஒரு குடும்பம் 'பார்த்துக்கொள்ள' என்று இருக்கும். நல்ல மனிதர்களாகவே இருக்கட்டும். உங்கள் அனுமதியோடு இருக்கிறோம் என்று அவர்களிடம் ஒரு எழுத்து வாங்குங்கள். உரிமையாளருக்கு எதிராகப் பத்து வருடம் இடைவிடாமல் ஆண்டால் அந்தக் காணிக்கே உரிமை கோர இலங்கைச் சட்டத்தில் வழி இருக்கிறது. அனுமதியோடு இருப்பவருக்கு அந்த வழி இல்லை. ஒரு தாள் இரண்டு பக்கத்துக்கும் நிம்மதி.

இனி சபை. உங்கள் இடம் உடுவில் பிரதேச செயலகப் பிரிவில் வரும், ஆகவே வலிகாமம் தெற்குப் பிரதேச சபை. அடிப்படைச் சட்டம் இன்னும் 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம்தான்; அதன்மேல் நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகள். ஓடு மாற்றி அடுக்குவது, பழுதான கூரைச் சலாகையை எடுத்து அதே மாதிரி இன்னொன்று போடுவது, வெள்ளையடிப்பது, நிலம் (தரை) திருத்துவது இவையெல்லாம் திருத்த வேலை. புதுக் கூரை அமைப்பு, வெளிச்சுவர், புது அறை, இணைத்த குளியலறை, மாடி என்றால் அது மாற்றம்; வரைபடம் கீறி அனுமதி எடுக்க வேண்டும். உங்கள் பின்பக்கக் கூரை முழுவதாக இறங்கிவிட்டதால் நீங்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறீர்கள். குளியலறையும் கட்டத்தானே போகிறீர்கள், எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் காட்டி அனுமதி எடுப்பதே புத்தி. பக்கத்து வளவுக்காரர் ஒரு முறைப்பாடு எழுதிக் கொடுத்தால் பாதியில் நிற்பது உங்கள் வேலைதான்.

விண்ணப்பத்தோடு உறுதிப் பிரதி, நில அளவைப் படம், தகுதியுள்ள ஒருவர் கையொப்பமிட்ட கட்டட வரைபடம், சோலைவரி (சபைக்குக் கட்டும் ஆதன வரி) கட்டிய பற்றுச்சீட்டு எல்லாம் கேட்பார்கள். சோலைவரிப் பதிவேட்டில் இன்னும் உங்கள் அம்மப்பாவின் பெயர் இருந்தால் வியப்பில்லை. பெயர் மாற்ற முதலில் உறுதி சரியாக வேண்டும், திரும்பவும் அதே இடத்துக்கு வந்துவிட்டோம் பாருங்கள். நில அளவைப் படம் பழையதாக இருந்தால் புதிதாக அளப்பியுங்கள். கதியால் வேலி வருடத்துக்கு ஒரு சாண் நடக்கும் ஊர் இது. சேவையர் (நில அளவையாளர்) வந்து எல்லைக் கல்லுப் போடும் நாளில் அயலவரையும் கூப்பிட்டு நிற்க வையுங்கள். சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்ப்பார், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருவார், பிறகு திட்டமிடல் குழுவுக்குப் போகும். கிடைக்கும் அனுமதி பொதுவாக ஒரு வருடத்துக்கு, தேவையென்றால் நீடிக்கலாம். வேலை முடிந்ததும் அமைவுச் சான்றிதழ் எடுக்க மறக்காதீர்கள். பலர் மறக்கிறார்கள், விற்கவோ வங்கியில் ஈடு வைக்கவோ போகும்போதுதான் ஞாபகம் வரும்.

கரையோரக் கிராமமாக இருந்திருந்தால் இன்னொரு கந்தோர் ஏற வேண்டும். 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து 300 மீற்றர் உள்ளே வரை கரையோர வலயம். வல்வெட்டித்துறை, மயிலிட்டி, தீவுப்பகுதிக்காரர் இதைக் கவனிக்க வேண்டும். உங்களுக்கு அது இல்லை. ஆனால் தொல்லியல் இடமான கந்தரோடை உங்களுக்குக் கிட்ட. தொல்லியல் திணைக்களம் பாதுகாக்கும் இடத்தை ஒட்டிய காணி என்றால் அவர்களிடமும் கேட்க வேண்டும். மலசலகூடக் குழி வெட்டும்போது பழைய பொருள் எதுவும் வெளிப்பட்டால் 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி அது அரசுக்குரியது, அறிவிக்க வேண்டும். வீடு பழையது என்பதற்காக மட்டும் அது தொல்பொருள் ஆகிவிடாது. சட்டத்தில் உள்ள எல்லை 1815 மார்ச் 2. அதற்குப் பிந்திய கட்டடமானால் வர்த்தமானியில் தனியே பாதுகாக்கப்பட்டதாக அறிவித்திருக்க வேண்டும். கிராமத்து நாற்சார் வீடுகளில் பெரும்பாலானவை அந்தப் பட்டியலில் இல்லை. அது துக்கமான விஷயம், ஆனால் உங்கள் அலுவலுக்கு வசதி.

சரி, வீட்டுக்கு வருவோம். நாற்சார் வீட்டை அழிப்பது மழைதான், அதிலும் முற்றத்தைச் சுற்றி நாலு கூரையும் சந்திக்கும் மூலைப் பீலிகள் (தண்ணீர் ஓடும் தகர வாய்க்கால்கள்). அங்கே தகரம் உக்கி ஒரு விரல் ஓட்டை வந்தால், தண்ணீர் நேரே சுவர்த் தலைக்கு இறங்கும். சலாகை சுவரில் குந்தும் இடம் எப்போதும் ஈரமாக இருக்கும். வெளியே பார்த்தால் பனஞ்சலாகை கறுப்பாக, வைரமாக, நூறு வருடம் தாங்கும் போலத் தெரியும். சுத்தியலால் நடுவில் தட்டினால் கணீரென்று கேட்கும். அதே சலாகையின் சுவரோர முனையில் தட்டிப் பாருங்கள், பொத்தென்று கேட்டால் உள்ளிருக்கும் சோறு உக்கிப் போய் வெறும் கோதுதான் இருக்கிறது. ஒரு திருப்புளியால் குத்தினால் கைப்பிடி வரை இறங்கும். இந்தச் சோதனையை ஒவ்வொரு சலாகைக்கும், தீராந்திக்கும் (குறுக்கு உத்தரத்துக்கும்), வளைக்கும் செய்து சுண்ணாம்பால் அடையாளம் போட்ட பிறகுதான் எந்த மரம் மாறவேண்டும் என்று சொல்லலாம். கீழே நின்று அண்ணாந்து பார்த்து 'முழுக்க மாத்தோணும்' என்று சொல்லும் கொந்தராத்துக்காரரை அனுப்பிவிடுங்கள். அவர் உங்கள் முதிரைத் தீராந்தியில் கண் வைத்திருக்கிறார் என்று நினைப்பதில் தவறில்லை. இறக்கும் மரம் ஒவ்வொன்றையும் இலக்கம் போட்டு வளவுக்குள்ளேயே அடுக்கச் சொல்லுங்கள்.

மாற்று மரத்துக்கு வளவுப் பனையைத் தறிக்கலாம் என்று நினைப்பீர்கள். பனை தறிக்க அனுமதிப் பத்திரம் வேண்டும். விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) தொடங்கிப் பிரதேச செயலகம் வரை போகும் அலுவல் அது. பலா, ஈரப்பலாவுக்கும் அப்படித்தான். வேறிடத்தில் மரம் வாங்கினால் ஏற்றி வரும் அனுமதியோடு வாங்குங்கள், வழியில் மறித்தால் லொறியும் மரமும் சேர்ந்து நிற்கும். மணலும் அப்படி: அனுமதி இல்லாத மணல் மலிவாகத்தான் வரும், ஆனால் ஏற்றியவரோடு சேர்த்து இறக்கியவரையும் தேடி வருவார்கள்.

ஓடு விஷயத்தில் ஒரு நுணுக்கம். பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ சபை 1865இல் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையின் மாதிரியில் வந்த தட்டு ஓடுகள் கப்பலில் இந்தப் பக்கமும் வந்தன. உங்கள் ஓட்டைத் திருப்பினால் முதுகில் முத்திரை இருக்கும். ஒரு தொழிற்சாலை ஓட்டின் நாக்கு இன்னொன்றின் பள்ளத்தில் சரியாகக் குந்தாது. உடைந்த இடத்துக்கு மட்டும் புது ஓடு செருகினால் அந்த வரிசை முழுதும் ஒழுகும். ஆகவே நாலு பக்கத்திலும் உள்ள நல்ல பழைய ஓடுகளையெல்லாம் இறக்கிக் கழுவி முன்பக்கத்துக்கும் இரு பக்கவாட்டுக்கும் போடுங்கள். இறங்கிப்போன பின்பக்கத்துக்கு முழுக்கப் புது ஓடு. அதற்கு ஏற்ற அளவில் ஓடு தாங்கும் பட்டிகளின் இடைவெளியை ஓடாவியார் (தச்சர்) வைத்துக்கொள்வார்.

சுவரைப் பற்றி நான் கொஞ்சம் பிடிவாதமாகத்தான் பேசுவேன். உங்கள் சுவர் சுண்ணாம்புக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். நிலத்திலிருந்து ஈரத்தை இழுக்கும், வெயிலில் அதை வெளியே விடும். அதன்மேல் சீமெந்துப் பூச்சுப் பூசிப் பளபளவென்று பெயின்ற் அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே நிற்கும். கொஞ்ச மழைக்காலம் போனதும் முழங்கால் உயரத்தில் உப்புப் பூத்து, பூச்சு அப்பளம்போல் எழும்பும். மேசன்மார் அதற்கும் மருந்து சீமெந்து என்பார்கள், இன்னும் தடிப்பாக. வேண்டாம். பழைய பூச்சுத் தளர்ந்த இடத்தை மட்டும் கொத்தி, நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பும் கழுவிய மணலும் ஒன்றுக்கு மூன்றாகச் சேர்த்துப் பூசுங்கள். ஈரமான அடிப்பகுதிக்குச் செங்கட்டித் தூள் கொஞ்சம் சேர்த்தால் இறுகும். கடல் மணல் கழுவாமல் வந்தால் உப்பை நீங்களே காசு கொடுத்துப் பூசுகிறீர்கள் என்று அர்த்தம். சுண்ணாம்பு வேலை ஆறுதலாகக் காயும், நனைத்த சாக்குப் போட்டுப் பாதுகாக்க வேண்டும், மேசனுக்குக் கோபம் வரும். சுண்ணாம்பு தெரிந்த வயதான மேசன் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். கோயில் திருப்பணி நடக்கும் இடங்களில் விசாரித்தால் அகப்படுவார். அந்தச் சுவர்மேல் கொங்கிறீற் பிளாற் போட்டு மாடி எழுப்பும் யோசனை இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்தப் பாரத்துக்காக அது கட்டப்படவில்லை.

சுவர் வெடிப்பில் ஆலோ அரசோ முளைத்திருந்தால் வெளியே தெரிவதை வெட்டினால் போதாது. அந்த இடத்துக் கல்லைக் கழற்றி வேரை எடுத்துத் திரும்பக் கட்ட வேண்டும். சிவப்புச் சீமெந்து நிலம் நன்றாக இருந்தால் ரைல்ஸ் போடாதீர்கள். இது என் ருசி, சட்டமில்லை.

கிணறும் குழியும் வீட்டை விட முக்கியம் என்றே சொல்வேன். உங்கள் வலிகாமப் பகுதியின் நிலம் சுண்ணாம்புக் கல். அடியில் நன்னீர், அதற்குக் கீழே உப்பு நீர். கல்லின் வெடிப்புகளால் மேலே விடுவது அப்படியே கீழே இறங்கும். தோட்டத்து உரமும் மலக்குழியும் சேர்ந்து கிணற்றில் நைத்திரேற்றைக் கூட்டுகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். கொதிக்க வைத்தால் அது போகாது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த கதையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆகவே கிணற்றை இறைத்துச் சேறு எடுத்து, தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையில் தண்ணீரைச் சோதிப்பியுங்கள். புது மலசலகூடம் கிணற்றுக்கு எட்டத்தில், அடியும் பக்கமும் பூசிய தொட்டியோடு இருக்கட்டும். உங்கள் கிணற்றுக்கு மட்டும் அளந்தால் போதாது, மதிலுக்கு அந்தப் பக்கம் உள்ள கிணற்றுக்கும் அளக்க வேண்டும்.

தூரத்திலிருந்து வேலை செய்விப்பது பற்றி. உங்கள் சார்பில் அலுவல் பார்க்கும் அதிகாரமான அற்றோனித் தத்துவம் கொடுப்பதென்றால் ரொறன்ரோவில் உள்ள இலங்கைத் துணைத்தூதரகத்தில் எழுதி, இங்கே பதிவு செய்விக்க வேண்டும். பொதுத் தத்துவம் கொடுக்காதீர்கள், அதில் விற்கும் அதிகாரமும் சேர்ந்துவிடும். சபை அனுமதி, மின்சார சபை, கொந்தராத்து என்று குறித்த அலுவல்களுக்கு மட்டும் விசேட தத்துவம் போதும். ஊரில் உள்ள அக்காவுக்கே கொடுத்தாலும் அப்படித்தான். அது அவவுக்கும் நல்லது. காசு கையாள்பவர் ஒருவர், வேலையை அளந்து சொல்பவர் இன்னொருவர் என்று வையுங்கள். இரண்டாமவர் ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்தால் நல்லது, அவருக்குச் சம்பளம் கொடுங்கள். சும்மா உதவி செய்யும் சொந்தக்காரரிடம் கணக்குக் கேட்க உங்களுக்கு வாய் வராது. காசை வங்கி மூலம் அனுப்பிச் சீட்டை வைத்திருங்கள், பின்னால் பங்காளிகளோடு கணக்குப் பார்க்க அதுதான் சாட்சி.

சதுர அடிக்கு இவ்வளவு என்ற விலை புது வீட்டுக்குச் சரி. பழைய வீட்டில் ஓடுகளை இறக்கிய பிறகுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். கூரைக்கு ஒரு பேச்சு, சுவருக்கு ஒரு பேச்சு, குளியலறைக்கு ஒரு பேச்சு என்று பிரித்துப் பேசுங்கள். வட்ஸ்அப்பில் வரும் படங்களைப் பார்த்து மயங்காமல், அதே மூலையை அதே இடத்தில் நின்று கிழமைக்கு ஒருதரம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

காலம்: பெருமழை ஐப்பசியிலிருந்து மார்கழி வரை. பொங்கல் முடிந்ததும் கூரையைத் திறந்தால், சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) தொடங்க முன் ஓடு ஏறிவிட வேண்டும். சுண்ணாம்புப் பூச்சுக்கு அதன் பிறகும் காலம் கிடைக்கும். அப்படியானால் உறுதியும் அனுமதியும் இந்த மாரிக்குள் முடிய வேண்டும். அவ்வளவு கெதியாக நாலு கையெழுத்து வராது என்று தோன்றினால், இந்த வருடம் பின்பக்கத்துக்குத் தறப்பாள் கட்டி, மூலைப் பீலிக்குத் தகரம் மாற்றி, தண்ணீர் சுவரில் விழாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை, அக்காவுக்கு ஒரு போன் போதும். கூரை வேலை முடிந்தாலும் கொந்தராத்தின் கடைசித் தவணையைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு கார்த்திகை மழை முழுதாகப் பெய்து, நாலு மூலையும் காய்ந்து கிடக்கிறது என்று அக்கா சொன்ன பிறகு கொடுக்கலாம் என்று எழுத்திலேயே போடுங்கள்.